ஹீப்ரு நியூஸ்ரூம்ல இருக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்த கேஸ்ல ரெண்டு பத்திரிகை இருந்துச்சு

சேனல் 12, சேனல் 13, கான், யெடியோத் அஹ்ரோனோத், ராணுவ ரேடியோ, இன்னும் மத்த இடங்கள்ல வேலை பாக்குற ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும்,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்க செய்திகள இங்கிலீஷ்ல பல வருஷமா விடாம படிச்சுட்டு வர்ற ஒரு தமிழ் வாசகன் நான்.

இஸ்ரேல் மீடியா யார் பக்கம்னு யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி ஒரு வரிசை சொல்றாங்க, ஹாரெட்ஸ் பத்திரிகை இடதுசாரி, இஸ்ரேல் ஹயோம் பத்திரிகை வலதுசாரி, சேனல் 14 நெதன்யாகுவோட சேனல், 12ம் 13ம் அவருக்கு ஆகாதவங்க, பொது ஒளிபரப்பு நிறுவனமான கான் நடுவுல. இந்த வரிசை தப்புன்னு நான் சொல்லல. ஆனா இதுல எல்லாரையும் ஒரே கேள்விய வச்சு தான் அளக்குறாங்க, நெதன்யாகுவ பிடிக்குமா பிடிக்காதா, அவ்ளோதான். அவரைக் கிழி கிழின்னு கிழிக்கிற ஸ்டூடியோவும் அவரைத் தலைல தூக்கி வச்சு ஆடுற ஸ்டூடியோவும் ஒரு விஷயத்துல மட்டும் ஒண்ணா நின்னுச்சு, காஸால சாகுற ஜனங்கள ரெண்டுமே சரியா காட்டல, அரபி சேனலோட வாய அடைச்சப்போ ரெண்டுமே பெருசா கண்டுக்கல. அதைப் பத்தி தான் இந்த மடல்.

உங்க நாட்டுல பத்திரிகை சுதந்திரத்துக்கு அடித்தளம்னு சொல்ற தீர்ப்பு 1953ல வந்த கோல் ஹாஅம் தீர்ப்பு. உங்கள்ல பல பேர் அத காலேஜ்லயே படிச்சிருப்பீங்க. அப்போ அமெரிக்காவுல இஸ்ரேல் தூதரா இருந்த அப்பா எபான்ங்கிறவர், சோவியத்தோட போர் வந்தா 2,00,000 இஸ்ரேல் வீரர்களைத் தர்றோம்னு அமெரிக்காவுக்கு சொன்னதா ஹாரெட்ஸ்ல ஒரு செய்தி வந்துச்சு, அந்தச் செய்தியே சரி கிடையாது, ஆனா அத நம்பி கம்யூனிஸ்ட் கட்சியோட கோல் ஹாஅம் பத்திரிகை காரசாரமா ஒரு தலையங்கம் எழுதிடுச்சு. உள்துறை மந்திரி இஸ்ரேல் ரோகாக் உடனே பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன 1933ம் வருஷ பத்திரிகை சட்டத்த எடுத்து, ஹீப்ருல வந்த கோல் ஹாஅம் பத்திரிகைய 10 நாள், அதே கட்சியோட அரபி பத்திரிகை அல் இத்திஹாத்த 15 நாள் நிறுத்தி வச்சார். அரபிக்கு மட்டும் ஏன் 5 நாள் கூடங்கிறதை நீங்களே யோசிச்சுக்கோங்க. ரெண்டு பத்திரிகையும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. நீதிபதி ஷிமோன் ஆக்ரானட், பொது அமைதிக்கு ஆபத்து வரும்ங்கிறது கிட்டத்தட்ட நிச்சயமா இருந்தா ஒழிய ஒரு மந்திரி பத்திரிகைய மூட முடியாதுன்னு சொல்லி ரெண்டு உத்தரவையும் ரத்து பண்ணிட்டார். ஹீப்ரு பத்திரிகையும் அரபி பத்திரிகையும் சேர்ந்து ஜெயிச்ச தீர்ப்பு அது. ஆனா பேர் என்னவோ கோல் ஹாஅம் தீர்ப்புன்னு மட்டும் நின்னுடுச்சு, அல் இத்திஹாத்த இப்போ யாரும் சொல்றதே இல்ல.

இத முதல்லயே சொன்னதுக்கு காரணம் இருக்கு, 2024ல நடந்தத இது பக்கத்துல வச்சுப் பாருங்க.

2024 ஏப்ரல் 1, வெளிநாட்டு சேனல்கள மூடுறதுக்கு உங்க பாராளுமன்றம் க்னெஸெட்ல சட்டம் நிறைவேறுது, ஆதரவா 71 ஓட்டு, எதிர்ப்பு வெறும் 10. மே 5, மந்திரிசபை ஒருமனதா அல் ஜஸீராவ மூடுது, கிழக்கு ஜெருசலேம்ல அவங்க இருந்த ஹோட்டல் ரூமுக்குள்ள போலீஸ் நுழைஞ்சு கேமராவயும் மத்த சாமான்களயும் அள்ளிட்டுப் போறாங்க. தகவல் தொடர்பு மந்திரி ஷ்லோமோ கார்ஹி அத பெரிய வெற்றியா அறிவிக்கிறார். அல் ஜஸீரா கத்தார் அரசோட பணத்துல ஓடுது, ஹமாஸ் விஷயத்துல அதோட போக்கைப் பத்தி நியாயமான கேள்விகள் இருக்கு, நான் அத மறுக்கல. ஆனா கோர்ட்டு விசாரிச்சு நிரூபிக்காம, மந்திரிசபை கை தூக்கி ஒரு செய்தி நிறுவனத்த மூடுது, அப்போ உங்க பிரைம் டைம்ல எவ்வளவு நேரம் அதை எதிர்த்துப் பேசினீங்க? ஹாரெட்ஸ் தலையங்கம் எழுதுச்சு, சிவில் உரிமை சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு, மத்தபடி பெரும்பாலான ஸ்டூடியோவுல அது ஒரு எதிரிய மூடின செய்தியா தான் ஓடுச்சு.

அடுத்து நடந்தத பாருங்க. மே 21, காஸா எல்லை பக்கத்துல இருக்கிற ஸ்டெரோட் ஊர்ல ஏபிங்கிற அமெரிக்க செய்தி ஏஜென்சி ஒரு கேமரா வச்சிருந்துச்சு, அது வடக்கு காஸாவ தூரத்துல இருந்து காட்டுற நேரலை கேமரா, உலகம் பூரா ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அவங்க கிட்ட படம் வாங்குது, அதுல அல் ஜஸீராவும் ஒண்ணு. அதிகாரிங்க வந்து ஒரு பேப்பர நீட்டினாங்க, அதுல மந்திரி கார்ஹி கையெழுத்து, புது சட்டத்த மீறிட்டீங்கன்னு சொல்லி கேமராவ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்போ அந்த கேமரால தெரிஞ்சது காஸா மேல எழும்பின புகை, அவ்வளவுதான். அமெரிக்கா கூப்பிட்டுப் பேசின பிறகு சில மணி நேரத்துல திருப்பிக் குடுத்தாங்க. அன்னிக்கு தான் உங்க எதிர்க்கட்சித் தலைவர் யாயிர் லாபிட்ல இருந்து பல பேர் பைத்தியக்காரத்தனம்னு கத்தினாங்க. ஏபிக்கு கத்தினது சரி. ஆனா 16 நாள் முன்னாடி அதே கையெழுத்து தான் அல் ஜஸீராவ மூடுச்சு, அப்போ இந்தக் குரல் எங்க போச்சு.

அதே வருஷம் நவம்பர் 24. அதே கார்ஹி கொண்டு வந்த தீர்மானம், இந்த தடவை ஹாரெட்ஸ் மேல. அரசு விளம்பரம் கிடையாது, அரசு ஊழியர்களுக்கு சந்தா கிடையாது, எந்தத் துறையும் அவங்களோட பேசக் கூடாது. பதிப்பாளர் ஆமோஸ் ஷோக்கன் லண்டன்ல பேசினது தான் சாக்கு, பாலஸ்தீன சுதந்திரப் போராளிகள்னு ஒரு வார்த்தை விட்டார், அப்புறம் ஹமாஸ அப்படி சொல்லலன்னு விளக்கமும் குடுத்தார். அவர் பேச்சு பல இஸ்ரேலியர்களுக்கு வலிச்சிருக்கும், எனக்கு அது புரியுது, சொந்த பத்திரிகையே அவர் சொன்னத ஏத்துக்காம தலையங்கம் எழுதுச்சு. ஆனா ஒரு பதிப்பாளர் பேச்சுக்காக பத்திரிகையையே அரசாங்கம் தண்டிச்சா நாளைக்கு எந்தப் பதிப்பாளர் வாயத் திறப்பார்? அந்தத் தீர்மானமும் ஒருமனதா நிறைவேறுச்சு. அல் ஜஸீராவுல தொடங்கி ஹாரெட்ஸ் வரைக்கும் வர்றதுக்கு ஏழு மாசம் கூட ஆகல.

உங்க மேல அரசாங்கம் குடுக்குற அழுத்தத்த நான் சின்னதா நினைக்கல, அத சொல்லாம விட்டா இந்த மடல் நேர்மையா இருக்காது. 2017 மே 9 ராத்திரி, பழைய பொது ஒளிபரப்பு சேனல் 1ல மபாத்ங்கிற செய்தி நிகழ்ச்சிக்கு அதுதான் கடைசி ஒளிபரப்புன்னு சில மணி நேரம் முன்னாடி தான் ஊழியர்களுக்கே தெரியும், செய்தி வாசிச்ச கெயுலா ஈவன் கேமரா முன்னாடி அழுதுட்டே அத அறிவிச்சாங்க, பத்து வருஷம் இருபது வருஷம் வேலை பாத்தவங்க பின்னாடி நின்னு அழுதாங்க. அதுக்குப் பதிலா வந்தது தான் கான். அந்த கான் வர்றதுக்கு முந்தின வருஷமே கலாசார மந்திரி மிரி ரெகேவ், நம்ம கட்டுப்பாட்டுல இல்லாத ஒரு ஒளிபரப்பு நிறுவனம் எதுக்குங்கிற மாதிரி மந்திரிசபைலயே கேட்டது வெளில வந்துச்சு. வெளிப்படையா கேட்டாங்க பாருங்க, அது வரைக்கும் நல்லது, மனசுல இருக்கிறது என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. இப்போ கார்ஹி கான வித்துடணும் இல்ல மூடிடணும்னு நிக்கிறார், ஒளிபரப்பு ஒழுங்குமுறைய மாத்துற அவரோட மசோதா 2025 நவம்பர்ல முதல் வாசிப்பு தாண்டிடுச்சு. டிசம்பர்ல ராணுவ ரேடியோவ மூட மந்திரிசபை முடிவு பண்ணுச்சு, 1950ல இருந்து ஓடுற ஸ்டேஷன் அது. ராணுவமே ஒரு செய்தி ரேடியோ நடத்துறது சரியாங்கிறது நல்ல கேள்வி தான், ஜனநாயகத்துல அப்படி ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு நானும் சொல்லுவேன். ஆனா விமர்சனம் பண்ற குரல் இருக்குன்னு மூடுறேன்னு நிக்கிறதும் ராணுவத்துகிட்ட இருந்து பிரிச்சு சுதந்திரமா ஆக்குறதும் ஒண்ணு இல்ல.

பணத்தோட கதை தனி. ஆரம்பத்துல உங்க ஊர்ல பத்திரிகைனா பெரும்பாலும் கட்சிப் பத்திரிகை தான், 1925ல தொழிற்சங்கம் ஆரம்பிச்ச தவார், மபாம் கட்சியோட அல் ஹமிஷ்மார், பின்னாடி பிரதமரான வலதுசாரித் தலைவர் பெகின் ஆளுங்களோட ஹெருத். யாரு எந்தப் பக்கம்னு முதல் பக்கத்துலயே தெரியும். அதுங்க எல்லாம் மூடினதுக்கு அப்புறம் வந்தது இன்னும் சிக்கல். 2007ல அமெரிக்க கேசினோ கோடீஸ்வரர் ஷெல்டன் அடெல்சன் இஸ்ரேல் ஹயோம்னு ஒரு பத்திரிகைய ஓசில குடுக்க ஆரம்பிச்சார், மூணு நாலு வருஷத்துல அது வார நாட்கள்ல அதிகம் படிக்கிற பத்திரிகை ஆயிடுச்சு, ஜனங்களே அதுக்கு பிபிதோன்னு பேர் வச்சாங்க, பிபியோட பேப்பர்னு அர்த்தம், பிபிங்கிறது நெதன்யாகுவோட செல்லப் பேர். விளம்பரம் போச்சேன்னு யெடியோத் முதலாளி ஆர்னோன் மோஸஸ் துடிச்சார். அப்புறம் ரெண்டு பேரும், நெதன்யாகுவும் மோஸஸும், எதிரிகளா தெரிஞ்சவங்க, ஒரு ரூம்ல உக்காந்து பேசினது டேப்ல இருக்கு. உங்க பத்திரிகைல எனக்கு நல்ல கவரேஜ் குடுங்க, இஸ்ரேல் ஹயோம் வளர்ச்சிய சட்டம் போட்டு கட்டுப்படுத்த பாக்குறேங்கிற பேரம்னு அரசு தரப்பு சொல்றாங்க, நெதன்யாகு மேல இருக்கிற ஊழல் வழக்குல 2000ம் நம்பர் கேஸ் அதுதான்.

4000ம் நம்பர் கேஸ் இன்னும் கிட்ட போய் பாக்க வேண்டியது. பெசெக் டெலிபோன் கம்பெனி முதலாளி ஷாவுல் எலோவிட்ச், அவருக்கு சொந்தமா வல்லான்னு ஒரு நியூஸ் சைட். கம்பெனிக்கு அரசு சலுகை, பதிலுக்கு சைட்ல நெதன்யாகு குடும்பத்துக்கு சாதகமான செய்தி, இதுதான் குற்றச்சாட்டு. 2021 ஏப்ரல்ல முதல் சாட்சியா வல்லாவோட முன்னாள் சிஇஓ இலான் யெஷுவா கூண்டுல ஏறினார். முதலாளி கிட்ட இருந்து மெசேஜ் வரும், இந்தச் செய்திய எடு, அந்தத் தலைப்ப மாத்து, இந்த போட்டோவ போடுன்னு, அவர் ஆசிரியர்கள் கிட்ட போய் எதாவது ஒரு காரணம் சொல்லி செய்ய வைக்கணும். நஃப்தாலி பென்னட் நெதன்யாகுக்கு போட்டியா வளர்ந்தப்போ, அவர் மனைவி ஒரு காலத்துல கோஷர், அதாவது யூத மத உணவு விதி, பாக்காத ரெஸ்டாரண்ட்ல வேலை பாத்தாங்கன்னு ஒரு செய்தி போடச் சொன்னாங்களாம். மத நம்பிக்கை உள்ள ஓட்டர்கள் கிட்ட ஒருத்தர் பேர கெடுக்க இந்தச் சின்ன விஷயம் போதும்னு கணக்குப் போட்டிருக்காங்க பாருங்க. நெதன்யாகு எல்லாத்தயும் மறுக்கிறார், லஞ்சக் குற்றச்சாட்ட நிரூபிக்கிறது கஷ்டம்னு நீதிபதிகளே 2023ல அரசு தரப்புக்கு சொல்லியிருக்காங்க, 2025 நவம்பர்ல அவர் ஜனாதிபதி கிட்ட மன்னிப்பு மனு குடுத்திருக்கார். தீர்ப்பு எப்படி வேணா வரட்டும். எனக்கு அந்த டெஸ்க்ல உக்காந்திருந்த சப் எடிட்டர்கள் தான் ஞாபகத்துக்கு வர்றாங்க, மேல இருந்து சொன்னாங்கன்னு தலைப்ப மாத்திக்கிட்டு இருந்தவங்க. நீங்க அவங்க வலிய நல்லா விரிவா எழுதினீங்க, அதுக்கு மரியாதை உண்டு.

ஆனா முதலாளி மெசேஜ் அனுப்பாமலே தலைப்ப மாத்துறது நடந்துச்சே, அத யாரு எழுதுறது?

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல் உங்க நியூஸ்ரூமுக்குள்ளயே நடந்த மாதிரி தான். ஒய்நெட் நியூஸ் சைட்டோட போட்டோகிராபர் ரோயி இடான் அன்னிக்குக் காலைல காஸா எல்லை பக்கத்து க்ஃபார் ஆஸா ஊர்ல படம் எடுக்க ஓடினவர், அங்கயே கொல்லப்பட்டார், அவர் மனைவியையும் கொன்னாங்க, மூணு வயசு பொண்ண பிணையா காஸாவுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கான் செய்தி ஆசிரியர் அயெலெத் ஆர்னின் நோவா இசை விழால செத்தாங்க. சுமார் 1,200 பேர் செத்த, 251 பேர் பிணையா போன நாட்டுல செய்தி வாசிக்கிறவங்களும் அழுதுட்டே தான் வாசிச்சாங்க. அந்தத் துக்கத்துல முதல் சில வாரம் உங்க கேமரா உங்க ஜனங்க மேல மட்டும் இருந்ததுக்கு யாரும் குத்தம் சொல்ல முடியாது. பிணையாளிகளோட குடும்பங்கள நீங்க விடாம காட்டினீங்க, அரசாங்கம் எரிச்சல் பட்டப்பவும் காட்டினீங்க, அது நல்ல வேலை.

வாரம் போய் மாசமாச்சு, மாசம் போய் வருஷமாச்சு. டெல் அவிவ்ல இருந்து ஒரு மணி நேர டிரைவ்ல இருக்கிற காஸால ஆயிரக்கணக்கான குழந்தைங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, உலகம் பூரா அந்தப் படம் ஓடுச்சு, டெல் அவிவ்ல டிவி போட்டா ராணுவத்தோட போன வண்டில இருந்து எடுத்த இடிஞ்ச கட்டடம் தான் தெரிஞ்சுது, மனுஷங்க இல்ல. இத ராணுவ சென்சார் மேல மட்டும் போட முடியாது. சென்சார் இருக்கு, கடுமையா இருக்கு, 2024ல மட்டும் 1,635 செய்திகள முழுசா தடுத்திருக்காங்க, 6,265 செய்திகள்ல வெட்டியிருக்காங்கன்னு 972 இதழ் தகவல் உரிமைல வாங்கி வெளியிட்டுச்சு, வெட்டினத வெட்டினோம்னு கூட நீங்க சொல்லக் கூடாதுங்கிறது சட்டம். ஆனா ராணுவ சென்சார் ஒரு செத்த குழந்தையோட பேர சொல்லாதேன்னு சொல்லல. நேயர்கள் கோவப்படுவாங்க, ரேட்டிங் போயிடும், சேனல் 14 துரோகின்னு சொல்லும், வாசல்ல வந்து கத்துவாங்க. அந்தப் பயம் பொய்யில்லன்னும் எனக்குத் தெரியும், இஸ்ரேல் ஃப்ரைங்கிற ஆர்த்தடாக்ஸ் பத்திரிகையாளர் காஸால செத்தவங்களுக்காகவும் பிரார்த்தனை பண்ணினார்னு கும்பல் வீட்டு முன்னாடி வந்து வெடி விட்டு அவர ஓட வச்சுச்சு. அரசாங்கத்துக்குப் பயப்படாதவங்க கூட நேயர்களுக்குப் பயந்துட்டீங்க. எனக்கு இதுதான் பெரிய சார்பா தெரியுது, இடது வலது சார்ப விடப் பெருசு.

2025 ஜூலைல சேனல் 12ல யோனித் லெவி, காஸா பசிய பத்தி உலக மீடியா காட்டுறது சம்பந்தமா ஒரு ரிப்போர்ட் முடிஞ்சதும், இது நம்ம விளக்கம் குடுக்கிறதுல வந்த தோல்வி இல்ல, ஒழுக்கத்துல வந்த தோல்வின்னு புரிஞ்சுக்குற நேரம் வந்திருச்சோன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாங்க. நாடே கொந்தளிச்சுது. ஒரு செய்தி வாசிப்பாளர் 21 மாசம் கழிச்சு ஒரு வாக்கியம் சொன்னதே பெரிய நிகழ்ச்சி ஆகுதுன்னா, சொல்லாம விட்டது எவ்வளவுன்னு அதுலயே தெரியுது.

உங்களால முடியாதுன்னு நான் நம்பல, ஏன்னா உங்க முன்னோடிங்க செஞ்சிருக்காங்க. 1984 ஏப்ரல், 300ம் நம்பர் பஸ் கடத்தல். கடத்தின நாலு பாலஸ்தீனர்களும் சண்டைலயும் அதுக்கப்புறமும் செத்துட்டாங்கன்னு ராணுவம் சொல்லுச்சு. ஆனா ஹதஷோத் பத்திரிகை போட்டோகிராபர் அலெக்ஸ் லெவாக் எடுத்த படத்துல ஒரு பையன் கைவிலங்கோட, ரெண்டு பேருக்கு நடுவுல, சொந்தக் கால்ல நடந்து போறான். பத்திரிகையாளர்கள் அந்த போட்டோவ எடுத்துக்கிட்டு காஸாவுக்கே போனாங்க, பனி சுஹைலா ஊர்ல சொந்தக்காரங்க கிட்டயும் அக்கம்பக்கத்துலயும் காட்டி, இது யாருன்னு கேட்டாங்க. அவங்க பேரச் சொன்னாங்க. மஜ்தி அபு ஜுமா, 18 வயசு. உள்நாட்டு உளவுத்துறையான ஷின் பெத் ஆளுங்க அவனையும் இன்னொருத்தனையும் பிடிச்சதுக்கு அப்புறம் அடிச்சுக் கொன்னது பின்னாடி நிரூபணம் ஆச்சு. விசாரணைக் கமிஷன் செய்திய சென்சார்கிட்ட காட்டாம போட்டதுக்கு ஹதஷோத்த சில நாள் மூடினாங்க. கடத்தினவன் மேல யாருக்கும் அனுதாபம் இல்லாத நேரம் அது. அவன் உயிரோட பிடிபட்டானா இல்லையாங்கிற உண்மைய மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, ஷின் பெத் தலைவரே பதவிய விட்டுப் போக வேண்டியதாச்சு.

இன்னிக்கு காஸாவுக்கு போட்டோ எடுத்துட்டுப் போய் பேரு கேக்க உங்களுக்கும் வழி இல்ல, வெளிநாட்டுக்காரங்களுக்கும் இல்ல. ராணுவம் கூட்டிட்டுப் போனா தான் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் 2024 செப்டம்பர்ல உள்ள போக அனுமதி கேட்டு ரெண்டாவது தடவயா சுப்ரீம் கோர்ட்ல போட்ட மனுவுக்கு அரசாங்கம் டைம் மேல டைம் வாங்கிக்கிட்டே இருந்துச்சு, 2025 அக்டோபர்ல போர்நிறுத்தம் வந்த பிறகும் அப்படித்தான். உள்ள இருந்து செய்தி சொன்னவங்க காஸா பத்திரிகையாளர்கள் மட்டும் தான், அவங்கள்ல 200 பேருக்கு மேல செத்துட்டாங்க. 2025 ஆகஸ்ட் 25, நாஸர் ஆஸ்பத்திரி தாக்குதல்ல ராய்ட்டர்ஸ் கேமராமேன் ஹுஸ்ஸாம் அல் மஸ்ரியும் ஏபிக்கு வேலை பாத்த மரியம் டக்காவும் உட்பட அஞ்சு பத்திரிகையாளர்கள் செத்தாங்க. மரியமோட ஏஜென்சி படத்த வருஷக்கணக்கா காசு குடுத்து வாங்கினவங்க உங்கள்லயும் இருக்கீங்க.

அதனால நான் கேக்குறது இதுதான். அந்த மனுல நீங்களும் சேருங்க, வெளிநாட்டு நிருபர்கள் மட்டும் நிக்கிற கேஸா அத விடாதீங்க, கோல் ஹாஅம் பக்கத்துல அல் இத்திஹாத் நின்ன மாதிரி சேனல் 12 வக்கீலும் கான் வக்கீலும் அங்க நிக்கணும். அல் ஜஸீராவ மூடின சட்டம் எல்லா செய்தி நிறுவனத்துக்கும் எதிரான சட்டம்னு உங்க எட்டு மணி செய்தில சொல்லுங்க, கார்ஹியோட மசோதாவ பத்தி பேசுற அதே பேனல்ல சொல்லுங்க. உங்க ஜனத்தொகைல அஞ்சுல ஒருத்தர் அரபி பேசுறவர், அவங்க பத்திரிகையாளர்கள அவங்க ஊர் கொலை செய்திக்கு மட்டும் கூப்பிடாம போர பத்தி பேசவும் கூப்பிடுங்க. நாஸர் ஆஸ்பத்திரில செத்த அஞ்சு பத்திரிகையாளர் பேரயும் ஹீப்ருல ஒரு தடவ முழுசா வாசிங்க. சென்சார் தடுக்க மாட்டாங்க, சட்டத்துல அதுக்கு இடம் இல்ல. கார்ஹியோட மசோதா அடுத்த வாசிப்புக்கு வர்றதுக்கு முன்னாடி இத செய்யுங்கன்னு கேட்டுக்குறேன்.

மரியாதையோட,
தமிழ்ல உங்க செய்திகளப் பத்தி எழுதுற ஒரு வாசகன்